ஒரே வயரில் இரண்டு டிஸ்க்

தச்சநல்லூர்,
8 ஜூன் 2025, ஞாயிறு.

சித்ராவுக்கு,

நீ ஸ்ரீவைகுண்டம் போய் இன்றோடு ஒன்பது நாள். பதினேழு தடவை போன் செய்தேன். கடைசியில் உன் தம்பி நாறும்பூநாதன்தான் அவன் போனிலிருந்து கூப்பிட்டு, நீ போனையே தொடமாட்டேன் என்கிறாய், எழுதினால் படிப்பாய் என்று சொன்னான். நில அளவை ஆபீசில் தினம் பத்துக் கடிதம் எழுதுகிறவன் வீட்டுக்கு எழுதிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. பொருள், பார்வை என்றெல்லாம் போட்டுவிடாமல் எழுதப் பார்க்கிறேன்.

வேணி போன ஏழு மாதத்தில் நாம் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. போடத் தெம்பில்லை. முதல் சண்டையிலேயே நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். நான் செய்த தப்பு என்ன என்று எனக்கு இன்னும் புரியவில்லை. பிளஸ் டூ பாடத்தையெல்லாம் சத்தமாக வாசித்துப் பதிவு செய்து, அதைக் காதில் மாட்டிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்து நடந்து படிப்பாளே, அந்தப் பதிவு நாற்பத்தொரு மணி நேரம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அவள் போன் ஆஸ்பத்திரியில் தொலைந்த பிறகு அவள் குரலில் நமக்கு மிச்சம் அது ஒன்றுதான். அந்தக் குரலைக் கற்றுக்கொண்டு, நாம் எழுதிக் கொடுப்பதை அதே குரலில் சொல்கிற மென்பொருள் இப்போது வந்திருக்கிறது. அதை ஓட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

அன்றைக்கு வந்த பேச்சு சரியாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம்மிடம் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு பழசு, சின்னது. அதை வைத்துப் பத்து நிமிஷப் பதிவைத்தான் கற்பிக்க முடிந்தது. நாற்பத்தொரு மணி நேரத்தையும் கற்பிக்கப் பெரிய கார்டு வேண்டும். பெரிய கார்டு மின்சாரம் அதிகம் இழுக்கும் என்பதால் பவர் சப்ளையும் மாற்ற வேண்டும். நீ போவதற்கு முன்தினம் வந்த இரண்டு அட்டைப் பெட்டிகள் அவைதான். அவற்றை மாட்டிவிட்டால் வேணி வேணியாகவே பேசுவாள்.

எனக்கு அவள் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. எது என்று இப்போது எழுத முடியவில்லை. நீ வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
அருணாசலம்

ஸ்ரீவைகுண்டம்,
15 ஜூன் 2025.

வேணி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பொருளும் பார்வையும் போடவில்லையே தவிர மற்றபடி அது ஆபீஸ் கடிதம்தான். எந்தக் கார்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பது எனக்கு எதற்கு?

என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு மத்தியானம் நான் அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நடு அறையிலிருந்து வேணி குரல் வந்தது. "அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லட்டி, கீரைய ஆஞ்சிட்டு வாரேன்" என்று நான் பதில் சொன்னேன்.

சொல்லிவிட்டு அடுத்த காம்பை உருவினேன். அதற்கப்புறம்தான் நினைப்பு வந்தது. அவள் இல்லை என்பதை ஏழு மாதமாக ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிச் சொல்லி ஓரளவு படிய வைத்திருந்தேன். அத்தனையும் அந்த ஒரு நிமிஷத்தில் போயிற்று. என் பிள்ளையை நான் இரண்டாம் தடவை தூக்கிக் கொடுத்தேன். உங்களுக்கு அது ஓட்டிப் பார்த்தது, அவ்வளவுதான்.

குரல் அவளுடையதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பேச்சு அவளுடையது இல்லை. என்னை அவள் என்றைக்கு 'நீங்க' என்றாள்? டிவியில் செய்தி வாசிக்கிறவள் யாரோ என் மகள் தொண்டையை இரவல் வாங்கிக்கொண்டு வந்து நம் வீட்டு நடு அறையில் நின்றாள். அதுவும் என் மகள் சாப்பிட்டியா என்று கேட்கிற ரகமா? நான் சாப்பிட்டால் என்ன, பட்டினி கிடந்தால் என்ன, அவள் தட்டில் தோசை வந்து விழ வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அந்தச் சுயநலக்காரிதான் எனக்கு வேண்டும். வேறு யாரும் வேண்டாம்.

போன் எடுக்காததற்கும் இதுதான் காரணம். எடுத்தவுடன் அவள் குரல் பேசினால் நான் என்ன செய்வேன்? நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள் என்று நாறும்பூவும் அவன் பெண்டாட்டி சங்கரியும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். செய்வீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தே செய்வீர்கள்.

பகலில் தம்பியின் உரக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். வாழைக்காரர்கள் வந்து பொட்டாஷ் கேட்கிறார்கள், யூரியா கேட்கிறார்கள். என் பிள்ளையைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. அது நன்றாக இருக்கிறது.

அந்தப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சித்ரலேகா

தச்சநல்லூர்,
29 ஜூன் 2025.

சித்ராவுக்கு,

நீ பதில் சொன்னாய் என்பது எனக்குத் தெரியாது. அடுக்களையில் நீ ஏதோ சொன்னது கேட்டது. என்னைத்தான் வைகிறாய் என்று நினைத்தேன். தெரிந்திருந்தால் அப்போதே மெஷினை நிறுத்தியிருப்பேன். இப்போது நிறுத்த முடியவில்லை. ஏன் என்று எழுதுகிறேன், என்மேல் கோபப்படாமல் படி.

கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாகவே ஓட ஆரம்பிக்கும்படி வைத்திருக்கிறேன். யுபிஎஸ் பேட்டரி செத்துவிட்டது. பாதி வேலையில் நின்றால் நான் ஆபீசில் இருந்தாலும் அது தானே தொடரட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. தொடங்கும்போது மென்பொருள் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ளும். இந்த மாதம் லைன் வேலை என்று பகலில் இரண்டு மூன்று தடவை கரண்டை நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு தடவை வரும்போதும் விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, "அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறாள். நீ இல்லாத வீட்டில் உன்னைத்தான் கேட்கிறாள். ஏன் கேட்கிறாள் என்பது எனக்கு அட்சரம் அட்சரமாகத் தெரியும், நான் வைத்த ஏற்பாடுதான். இருந்தும் ஒவ்வொரு தடவையும் உடம்பு தூக்கிப் போடுகிறது. போன சனிக்கிழமை நான் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். "அம்மா ஊர்ல இல்லட்டி" என்று சொல்லிவிட்டேன். அதனால் நீ எழுதியது எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது.

அந்த வாக்கியத்தை அழித்துவிடலாம். கை வரவில்லை. அழித்துவிட்டால் கரண்ட் வரும்போது வீடு சும்மா கிடக்கும்.

பெட்டிகளைத் திருப்பவில்லை. இன்று காலை பழைய பவர் சப்ளையைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தேன். போர்டுக்குப் போகிற வயரும் கார்டுக்குப் போகிற ஒரு வயரும் அதன் உடம்போடு சேர்ந்தே வந்திருக்கின்றன. டிஸ்குக்குப் போகிற வயர்களும் கார்டுக்கான இன்னொரு வயரும் தனியாக ஒரு கறுப்புத் துணிப்பையில் இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அந்தப் பை பெட்டியில் இல்லை. வந்த அன்று மேலாகத் திறந்து பார்த்தேன். அப்போது இருந்ததா என்று எனக்கே நினைவில்லை. ஜங்ஷனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற யஹ்யாவிடம் போய்க் கேட்டேன். கம்பெனி ஒட்டு பிரியாமல் கொடுத்த பெட்டி, பை கண்டிப்பாக இருக்கும், வீட்டில் தேடுங்கள் என்கிறார். வீட்டில் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன், பை எங்கே போகும்?

பரவாயில்லை, வழி இருக்கிறது. பழைய பவர் சப்ளையின் டிஸ்க் வயர் கேபினட்டுக்குள் அழகாக இழுத்துக் கட்டியபடியே கிடக்கிறது. அதன் முனையைப் புதியதில் வைத்துப் பார்த்தேன், கச்சிதமாக உட்காருகிறது. கார்டுக்கு இரண்டு தனி வயர் கொடுப்பதுதான் முறை. தற்சமயம் ஒரே வயரில் இருக்கிற இரண்டு தலையையும் கொடுத்துச் சமாளிக்கிறேன்.

ஆடி பிறக்குமுன் முடித்துவிட வேண்டும். வருகிற வெள்ளி லீவு போட்டிருக்கிறேன். ராகுகாலத்துக்கு முன்னால் ஒன்பதரைக்கு சுவிட்சைப் போடுகிறேன். அதுவரை உன் கடிதத்துக்குக் காத்திருப்பேன்.

அருணாசலம்

ஸ்ரீவைகுண்டம்,
2 ஜூலை 2025.

வேணி அப்பாவுக்கு,

சுவிட்சைப் போடாதீர்கள். பழைய வயர் வேண்டாம். நம் வீட்டு மிக்சி ஜாடியையே வேறு கம்பெனி மிக்சியில் வைக்க விடமாட்டீர்கள், இதில் மட்டும் எப்படித் துணிந்தீர்கள்? காரணம் நேரில் சொல்கிறேன்.

இதை போனில் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து மூன்று தடவை உங்கள் நம்பர் வரை போய்விட்டுக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் எடுக்கும்போது பின்னால் அவள் பேசினால் என்னால் தாங்க முடியாது. நாறும்பூவைப் பேசச் சொல்லலாம் என்றால் ஏன் எதற்கு என்று கேட்பான், அதையும் சொல்ல முடியாது. இப்போதே தபாலில் போடுகிறேன். வெள்ளிக்கு முன்னால் வந்துவிடும்.

சித்ரலேகா

தச்சநல்லூர்,
6 ஜூலை 2025.

சித்ராவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது.

வெள்ளி ஒன்பதரைக்கு சுவிட்சைப் போட்டேன். விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. நகம் தீய்ந்தது போல ஒரு வாடை. புகைகூட இல்லை. பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு டிஸ்க் வயரை எடுத்துவிட்டுப் போட்டால் எல்லாம் நன்றாக ஓடுகிறது. கார்டுக்கு ஒன்றும் இல்லை, போர்டுக்கு ஒன்றும் இல்லை. டிஸ்குகள் மட்டும்தான் போய்விட்டன.

யஹ்யா கடைக்கு எடுத்துப் போன பிறகுதான் தெரிந்தது. டிஸ்க் பக்கத்தில் சொருகும் முனை எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்கத்து முனை பார்க்க ஒன்று போலவே இருக்கும், உள்ளே கம்பி வரிசை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வேறு. ஐந்து வோல்ட் போக வேண்டிய கம்பியில் பன்னிரண்டு போய்விட்டது. சரியாக உட்கார்ந்தால் சரியான வயர் என்று நான் நினைத்தேன். இருபத்தாறு வருஷமாக அளவு பார்த்துப் படம் வரைகிற வேலை, அளவு பொருந்தினால் எனக்கு வேறு சந்தேகமே வராது.

டிஸ்குகள் என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய். வேணி பதிவுகள் பத்திரமாக இருக்கட்டும் என்று டிசம்பரிலேயே இன்னொரு டிஸ்க் வாங்கிப் பிரதி எடுத்து வைத்தேன். ஒன்று போனாலும் ஒன்று இருக்கும் என்று உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். இரண்டையும் ஒரே கேபினட்டில், மேலும் கீழுமாக, ஒரே வயரில் மாட்டியிருந்தேன். ஒரே நொடியில் இரண்டும் போயிற்று. பீரோவில் வைத்திருக்கலாம், ஆபீசில் வைத்திருக்கலாம், உன் தம்பி வீட்டில் கொடுத்திருக்கலாம். பக்கத்தில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

கடையில் நான் மரியாதையாக நடந்துகொள்ளவில்லை. பையை எடுத்து வைத்துக்கொண்டு பெட்டியை விற்றிருக்கிறீர் என்று ஆட்கள் முன்னால் யஹ்யாவைத் திருடன் என்று சொல்லிவிட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "அண்ணாச்சி, ஒட்டுப் பிரியாத பெட்டிய உங்க கையிலதான் குடுத்தேன். நீங்க இப்ப பேசுத நெலமையில இல்ல, பொறவு வாங்க" என்று மட்டும் சொன்னார். டிஸ்குகளை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இனிமேல் நீ போன் எடுக்கலாம். பேசுவதற்கு இங்கே யாரும் இல்லை. நேற்றுக் காலை கரண்ட் போய்த் திரும்பி வந்தது. விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஆமாம், பழைய வயர் வேண்டாம் என்று உனக்கு யார் சொன்னது?

அருணாசலம்

ஸ்ரீவைகுண்டம்,
12 ஜூலை 2025.

வேணி அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கறுப்புப் பை என்னிடம் இருக்கிறது. இதோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

கிளம்புகிற அன்று காலை நீங்கள் குளிக்கப் போயிருந்தீர்கள். அட்டைப் பெட்டி திறந்தபடி மேஜைமேல் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பக்கத்தில் பை இருந்தது, உள்ளே தடவிப் பார்த்தேன், வயர். எந்த வயர் எதற்கு என்று எனக்கு என்ன தெரியும்? வயர் இல்லாமல் எதுவும் ஓடாது என்பது மட்டும் தெரியும். புடவைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். செந்தூர் பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தபோது, ஏதோ கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

வயர் இல்லை என்றால் நீங்கள் நிறுத்திவிடுவீர்கள் என்று நினைத்தேன். இருபது வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தியவள் அப்படி நினைத்தது என் முட்டாள்தனம். ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்றை வைத்து முட்டுக் கொடுக்காமல் நீங்கள் எந்த வேலையை விட்டிருக்கிறீர்கள்? நீங்கள் அந்தப் பழைய வயரைப் பற்றி எழுதியதைப் படித்தேன். கடைக்கு டிராக்டர் மோட்டார் வேலை செய்கிற ஒருத்தர் வருவார், அவரிடம் பொதுவாகக் கேட்டேன். வேற மெஷின் வயரை மாட்டாதீங்கம்மா, எரிஞ்சு போகும் என்றார். அப்போதும் போனைத் தூக்காமல் பேனாவைத் தூக்கினேன். நாற்பத்தொரு மணி நேரத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் எரித்திருக்கிறோம். நீங்கள் வயரை மாட்டினீர்கள், நான் மாட்ட வைத்தேன்.

அவள் பேச வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் வாசித்த பாடமும் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

யஹ்யாவிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். அந்த மனிதர் திருடன் இல்லை. திருடி உங்கள் பெண்டாட்டிதான்.

சித்ரலேகா

தச்சநல்லூர்,
20 ஜூலை 2025.

சித்ராவுக்கு,

பார்சல் வந்தது. பையில் நான்கு வயர்கள் இருக்கின்றன. எல்லாம் சரியாக இருக்கிறது.

இப்போது வேறு எதுவும் எழுத என்னால் முடியாது. நீயும் எழுத வேண்டாம்.

அருணாசலம்

தச்சநல்லூர்,
24 ஆகஸ்ட் 2025.

சித்ராவுக்கு,

ஒரு மாதம் உன்மேல் கோபமாக இருந்து பார்த்தேன். நடுவில் ஒரு நாள் சாமான்களை எல்லாம் உனக்குப் பார்சல் அனுப்பிவிடலாம் என்றுகூட அட்டைப்பெட்டி வாங்கி வந்தேன். உன் சாமானில் எது வேணியுடையது, எது உன்னுடையது என்று பிரிக்கத் தெரியவில்லை. விட்டுவிட்டேன். கோபத்தில் ஒரு அளவுக்கு மேல் நாள் கடத்த முடியவில்லை.

போன வாரம் யஹ்யாவிடம் போனேன். பை வீட்டில்தான் இருந்தது என்று சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, உங்கள் டிஸ்குகளைத் தூக்கிப் போடவில்லை, இரண்டையும் கழற்றிப் பார்த்தேன் என்றார். மின்சாரம் எகிறினால் தான் செத்து மற்றதைக் காப்பாற்றுவதற்கென்றே டிஸ்க் போர்டில் அரிசி அளவுக்கு ஒரு சின்னப் பொருள் இருக்குமாம். புதிய டிஸ்கில் அதையும் தாண்டிப் போய்விட்டது. பழையதில் அது மட்டும் செத்திருந்தது. அதை எடுத்துவிட்டு மாட்டினார். என் கண் முன்னால் டிஸ்க் சுற்றியது. பிரதி எடுத்து முடிக்கும்வரை அவர் கடையைவிட்டு நகரவில்லை. மகள் அஃப்ராவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரத் தம்பியை அனுப்பிவிட்டார்.

நாற்பத்தொரு மணி நேரமும் இருக்கிறது, சித்ரா. மூன்று பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று யஹ்யா கடையில், ஒன்று ஆபீஸ் பீரோவில். மூன்றாவது இந்தக் கடிதத்தோடு உனக்கு வருகிறது. அதில் அவள் வாசித்தது மட்டும்தான் இருக்கிறது. வேதியியலில் ஒரு இடத்தில் தப்பாக வாசித்துவிட்டு, "சே, மறுபடி மொதல்ல இருந்தா" என்று புத்தகத்தை வீசுகிற சத்தம் கேட்கிறது. பயப்படாமல் கேட்கலாம்.

இனி நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது.

நவம்பர் பதினான்காம் தேதி ஆஸ்பத்திரியில் அவளையும் உன்னையும் விட்டுவிட்டு, சும்மா காய்ச்சல்தான், ரெண்டு நாளில் வீட்டுக்குப் போயிரலாம் என்று சொல்லி ஆபீஸ் போனேன். மறுநாள் கூட்டத்துக்கு ஒரு வரைபடம் முடிக்க வேண்டியிருந்தது. போனைச் சத்தமில்லாமல் மேஜை இழுப்பறைக்குள் போட்டு வைத்தேன். நாலேகாலுக்கு எடுத்துப் பார்த்தால் அவள் நம்பரிலிருந்து மூன்று அழைப்பு. இரண்டு நாற்பது, இரண்டு நாற்பத்தாறு, இரண்டு ஐம்பத்தொன்று. அதற்கப்புறம் உன்னுடையது ஒன்பது. நான் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து ஆகிவிட்டது. அவள் அழைத்ததை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. அந்த மூன்று தடவையும் அவள் என்ன சொல்ல நினைத்தாள் என்பதைத் தவிர எனக்கு இந்த ஒன்பது மாதமாக வேறு நினைப்பு இல்லை. ஆபீசில் கோடு போடும்போதும் அதுதான்.

வயர்களைச் சரியாக மாட்டிவிட்டேன். கார்டுக்கு இரண்டு தனி வயர், டிஸ்குக்குப் பையில் வந்த வயர், ஒவ்வொன்றையும் புத்தகத்தைப் பார்த்து, 'டக்' என்று கொக்கி விழுகிற வரை அழுத்தி. ஆறு நாளில் மென்பொருள் அவள் குரல் முழுவதையும் கற்றுக்கொண்டுவிட்டது. இனி அது செய்தி வாசிக்காது. நான் ஒரே ஒரு வார்த்தை எழுதி வைத்திருக்கிறேன். "பரவால்லப்பா." அவ்வளவுதான். அவள் எப்படிச் சொல்வாளோ அப்படியே வரும். பொத்தானை இன்னும் அழுத்தவில்லை.

நீ வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறேன். சரி என்றால் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுக் கழற்றிவிடுகிறேன். இந்தத் தடவை உன் கடிதம் வராமல் எதையும் தொடமாட்டேன்.

அருணாசலம்

ஸ்ரீவைகுண்டம்,
31 ஆகஸ்ட் 2025.

வேணி அப்பாவுக்கு,

அழுத்தாதீர்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை.

டிஸ்க் வந்தது. நாறும்பூ தன் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். சங்கரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் கேட்டேன். கரிம வேதியியல். ஒரு எழுத்துப் புரியவில்லை, நன்றாக இருந்தது. வியாழக்கிழமை பாசஞ்சரில் வீட்டுக்கு வருகிறேன். அதற்குமுன் இதை எழுதிவிட வேண்டும், நேரில் என் வாயால் சொல்ல வராது.

நீங்கள் போன் எடுக்காதது எனக்குத் தெரியும். அவளுக்குக் கையில் பலம் இல்லை. நம்பரைப் போட்டு அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டது நான்தான். மூன்று தடவையும் நான்தான். மூன்றாவது தடவை நான் உங்களை வைதேன். "வையாதம்மா, அப்பாக்கு வேல இருக்கும்லா" என்றாள். அவளுக்கு உங்கள்மேல் ஒரு கோபமும் இல்லை. அதனால் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய அவசியமும் அவளுக்கு வரவில்லை.

அவள் சொன்ன கடைசி வார்த்தையை நான் உங்களிடமிருந்து ஒளித்து வைத்திருந்தேன். முதலில் கோபத்தில். அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் இல்லாதவருக்கு அதைக் கொடுக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். பிறகு உங்கள் முகத்தைப் பார்த்து, இதைச் சொன்னால் இந்த மனிதர் இருக்கமாட்டார் என்று பயந்தேன். அதற்கும் பிறகு, அவள் எனக்கு மட்டும் கொடுத்தது அது ஒன்றுதான், அதையும் பங்கு வைக்க மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் அவள் வாயில் வேறு ஒரு வார்த்தையைத் திணிக்கப் பார்க்கிறீர்கள். அதைவிட அவள் சொன்னதே உங்களுக்குச் சேரட்டும். தாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒன்பது மாதம் தாங்கியிருக்கிறேன்.

மூன்று மணி இருக்கும். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "தூக்கம் தூக்கமா வருதும்மா. அப்பா வந்தா எழுப்பி விடு, என்ன. நான் தூங்குதேன்னு நெனச்சு அவுக பாட்டுக்குத் திரும்பிப் போயிருவாவ" என்றாள்.

சரிட்டி, எழுப்புதேன் என்று சொன்னேன். அதற்கப்புறம் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

ஐந்து மணிக்கு நீங்கள் ஓடி வந்து கட்டில் பக்கத்தில் நின்றீர்கள். நான் அவள் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினேன். நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்து, "விட்டுரு சித்ரா, அவ போயிட்டா" என்றீர்கள். நான் விடவில்லை. நர்சுகள் இரண்டு பேர் வந்து என்னைப் பிடித்தார்கள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நீங்கள் உட்பட எல்லாரும் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்துதான் இருந்தது. நீங்கள் வந்துவிட்டீர்கள், அதனால் எழுப்பினேன்.

சித்ரலேகா